விசுவாசம் போன பிறகு வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதே, என்ன செய்வது? ஒரு தம்பியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். "பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தேன், வாலிபர் கூட்டம் நடத்தினேன். இரண்டு வருடமாக எனக்கு விசுவாசம் இல்லை. மனைவிக்கு இன்னும் தெரியாது, அவள் பக்தியுள்ளவள். நரகத்தை நான் நம்பவில்லை, ஆனாலும் ராத்திரியில் பயம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. இனி எப்படி வாழ்வது?" இதுதான் கேள்வி.

தம்பி, முதலில் அந்தப் பயத்தைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, அம்மாவைக் காணவில்லை. இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் வானத்துக்கு எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்று சபையில் சொல்வார்கள், அதற்கு ரகசிய வருகை என்று பெயர். அது வந்துவிட்டது, அம்மாவை எடுத்துக்கொண்டார், நான் கைவிடப்பட்டுவிட்டேன் என்று தெருவில் நின்று அலறினேன். அம்மா உறைமோர் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் சபையை விட்டு 14 வருடம் ஆகிறது. இன்றைக்கும் வீட்டுக்குள் நுழையும்போது ஆள் இல்லாமல் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், ஒரு நொடி வயிறு கலங்கும்.

அதனால் பயம் வருகிறதே, அப்படியென்றால் உள்ளுக்குள் இன்னும் நம்புகிறேனோ என்று குழம்பாதீர்கள். சிறு வயதில் ஏறியது மனதை விட்டுப் போனாலும் உடம்பை விட்டுப் போக நாளாகும். ராத்திரி இரண்டு மணிக்கு, உலக முடிவைச் சொல்லும் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை எடுத்து வைத்துக்கொண்டு உங்களோடு நீங்களே வாதாடாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன், விடியும்வரை தூக்கம் போனதுதான் மிச்சம். எழுந்து விளக்கைப் போடுங்கள், கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள், வாசலில் நாலு நடை நடங்கள். எனக்கு அது அடங்க மூன்று வருடம் ஆனது. வாரக்கணக்கில் தூக்கமே இல்லையென்றால் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். 14416 என்று அரசாங்கத்தின் டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

சரி, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு மனம் அதிகம் போவது இந்த இடத்தில்தான். விசுவாசம் போனால் கடவுள் மட்டும் போவதில்லை, நேரமே காலியாகிவிடுகிறது. யோசித்துப் பாருங்கள். விடியற்காலை ஜெபம், புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், சனி வாலிபர் கூட்டம், ஞாயிறு ஆராதனை, டிசம்பர் 31 ராத்திரி புது வருடத்துக்கென்று எடுக்கும் வாக்குத்தத்த வசனம். இத்தனையும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் மனிதன் தடுமாறத்தான் செய்வான். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த 22 நாளும் சபையார் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அந்தத் தூக்குச்சட்டிகளை நான் மறக்கவில்லை. அவர்கள் நம்பியது உண்மையா என்பது ஒரு கேள்வி. அவர்கள் கொண்டுவந்த ரசம் உண்மை, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அதை இழந்ததற்காக அழுதால் அது எடுத்த முடிவிலிருந்து பின்வாங்குவது ஆகாது. ஒரு வீட்டை விட்டு வந்தவனுக்கு வரும் அழுகை அது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். காலியான நேரத்தையெல்லாம் சண்டையால் நிரப்பினேன். யார் வசனம் அனுப்பினாலும் பதிலுக்கு நான்கு முரண்பாடுகள் அனுப்புவேன். "பின்மாற்றக்காரன்", அதாவது விசுவாசத்தை விட்டு விலகியவன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அன்றைய நாள் அதிலேயே போய்விடும். என் தங்கை ஒன்றரை வருடம் என்னோடு பேசவில்லை. அப்புறம்தான் ஒன்று புரிந்தது. பத்து வருடம் சண்டே ஸ்கூலில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவன் நான். எனக்குப் பிடித்த வேலை அது, விசுவாசத்தோடு சேர்த்து அதையும் தூக்கி எறிந்திருந்தேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தெருப் பிள்ளைகள் ஆறு பேரை மொட்டை மாடியில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அதே ஒன்பது மணி. மூன்றாவது வாரமே ஞாயிற்றுக்கிழமை எனக்கு லேசானது. நீங்கள் வாலிபர் கூட்டம் நடத்தியவர். ஆட்களைக் கூட்டத் தெரியும், ஒருவன் முகம் வாடியிருந்தால் கண்டுபிடிக்கத் தெரியும். அந்தக் கையைச் சும்மா வைத்திருக்காதீர்கள்.

மனைவிக்குச் சொல்வதா? இதற்கு ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். சார்லஸ் டார்வினைப் பரிணாமத்துக்காகத்தான் நமக்குத் தெரியும். அவர் கேம்பிரிட்ஜில் படித்ததே பாதிரியார் ஆவதற்காக. 1839-இல் எம்மாவைத் திருமணம் செய்வதற்கு முன், உன் சந்தேகங்களை அவளிடம் மறைத்துவிடு என்றுதான் அவருடைய அப்பா புத்தி சொன்னார். டார்வின் மறைக்கவில்லை, சொல்லிவிட்டார். எம்மாவுக்கு அது பெரிய வேதனை. மறுமையில் பிரிந்துவிடுவோமோ என்ற பயத்தை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தார். 1851-இல் பத்து வயது மகள் ஆனி இறந்தபோது டார்வினுக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவரே சொன்னது, அவநம்பிக்கை மிக மெதுவாகத்தான் வந்தது என்று. ஞாயிற்றுக்கிழமை குடும்பம் கோயிலுக்குள் போகும், அவர் வெளியே நடக்கப் போய்விடுவார். 1882-இல் அவர் சாகும்வரை, 43 வருடம், அந்தக் குடும்பம் உடையவில்லை. எம்மாவின் கடிதத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தார். இதை எத்தனையோ தடவை முத்தமிட்டு அழுதிருக்கிறேன், நான் இறந்த பிறகு இதைத் தெரிந்துகொள் என்று அதன் அடியில் எழுதியும் வைத்திருந்தார்.

ஆகவே சொல்லுங்கள், தம்பி. ஆனால் விவாதமாகச் சொல்லாதீர்கள். "நீ நம்புவது தப்பு" என்று தொடங்காமல், "எனக்கு இப்படி ஆகிவிட்டது, உன்னிடம் மறைக்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று தொடங்குங்கள். பிள்ளைகளைச் சபைக்கு அவர் கூட்டிப்போகட்டும், தடுக்காதீர்கள். பிள்ளைகளை நரகம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தப் பால் பொங்கிய சாயங்காலம் இன்னொரு பிள்ளைக்கு வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. குடும்ப ஜெபத்தில் உட்காரலாமா என்று உங்கள் நிலையில் இருக்கும் பலரும் கேட்கிறார்கள். நான் ஊருக்குப் போனால் அம்மாவோடு பாயில் உட்காருவேன். கண்ணை மூட மாட்டேன், ஆமென் சொல்ல மாட்டேன், அது அம்மாவுக்கும் தெரியும். என் பெயரைச் சொல்லித்தான் இன்னமும் ஜெபிக்கிறார்கள், கேட்டுக்கொண்டிருப்பேன். கீர்த்தனை பாடும்போது மட்டும் சேர்ந்துகொள்வேன். அம்மாவுக்கு இப்போது மேல் சுரம் எட்டுவதில்லை. அந்த இடம் வரும்போது நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள், அந்த வரியை நான் பாடுவேன்.