கழுத்துத் தேய்மானம் வந்தால் ஓய்வா, உடற்பயிற்சியா? நான் உடற்பயிற்சிக் கட்சி

நடுவர் அவர்களே, இப்போதுதான் பேசி முடித்துப் பாதி அரங்கத்தைப் பயமுறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பரே, வந்ததிலிருந்து ஒரு கையால் பிடரியைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நண்பர் மூன்று விஷயம் சொன்னார். தேய்ந்த எலும்பை ஆட்டினால் இன்னும் தேயும், இது ஒன்று. யூடியூப் பார்த்துச் சிரசாசனம் போட்ட ஒருத்தருக்குக் கை மரத்துப்போனது, இது இரண்டு. காலரை மாட்டிக்கொண்டு சும்மா இருந்தாலே சரியாகிவிடும், இது மூன்று. நடுவில் தலையணையைப் பற்றியும் ரொம்ப நேரம் பேசினார். தலையணையில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை, தலை மேலேயும் தூக்காமல் கீழேயும் தொங்காமல் நேராக இருந்தால் போதும், அதை விட்டுவிடுவோம்.

அந்தக் கதவுக் கீல் கதைக்கு வருகிறேன். "தேய்ந்த கீலை ஆட்டிக்கொண்டே இருந்தால் கதவு கையோடு வந்துவிடும்" என்றார், கைதட்டலும் வாங்கினார். ஐயா, கீலுக்கு உயிர் கிடையாது, அதைச் சுற்றித் தசை கிடையாது. கழுத்துக்கு இரண்டும் உண்டு. கழுத்தில் ஏழு எலும்பு, முதல் இரண்டுக்கும் நடுவில் தவிர மற்றதற்கெல்லாம் இடையில் ஜவ்வு. வயது ஏற ஏற ஜவ்வில் நீர்ச்சத்து குறைந்து அது கொஞ்சம் தட்டையாகிறது, எலும்பின் ஓரத்தில் சின்னச் சின்ன முளை விடுகிறது, பின்பக்கத்துக் குட்டி மூட்டுகளில் குருத்தெலும்பு மெலிகிறது. இவ்வளவுதான் தேய்மானம். அறுபதைத் தாண்டியவர்களை வரிசையாக நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலோருக்கு இது இருக்கும், அதில் எத்தனையோ பேருக்கு வலி என்பதே கிடையாது. அப்படியானால் படத்தில் தெரிகிற தேய்மானம் மட்டும்தான் வலிக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

இன்னொன்று. பெரியவர்களுக்கு இந்த ஜவ்வுக்குள் ரத்தக்குழாய் அநேகமாக இல்லை. மூட்டில் இருக்கும் குருத்தெலும்புக்கும் அப்படித்தான். சுற்றியிருக்கும் நீரிலிருந்து ஊறித்தான் சத்து உள்ளே போக வேண்டும், அந்த நீர் புழங்குவதற்கு அசைவு வேண்டும். அதோடு, நாம் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புகிறோமே, அதில் ஏறக்குறையப் பாதி மேலே இருக்கும் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் நடக்கிறது. தேய்மானம் அதிகம் உட்காருவது கீழே, ஐந்து ஆறு ஏழாம் எலும்புப் பக்கம். ஆக, மெதுவாகத் தலையைத் திருப்பினால் எல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

அடுத்தது காலர். ஒரு மனிதத் தலையின் எடை நாலரையிலிருந்து ஐந்து கிலோ. இங்கே ஒவ்வொருவரும் ஒரு சின்ன சிமெண்ட் மூட்டையைத் தூக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள், சிலருக்கு உள்ளே சரக்கு கொஞ்சம் குறைவாக இருக்கலாம், நான் எதிரணியைச் சொல்லவில்லை. இந்த ஐந்து கிலோவைப் பகல் முழுக்கத் தாங்குவது தசை. வலி உச்சத்தில் இருக்கும்போது மருத்துவர் சொல்லி நாலு நாள் காலர் போடுவது வேறு விஷயம், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நம் ஊரில் என்ன நடக்கிறது? வாங்கின காலரை வாரக்கணக்கில் கழற்றுவதே இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் காலரோடு உட்கார்ந்து இலையைப் பார்க்க முடியாமல் தடவித் தடவிச் சாப்பிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதோடு டூவீலர் வேறு ஓட்டுவார்கள், பின்னால் வருகிற லாரியைத் திரும்பிப் பார்க்கக்கூட முடியாது! வேலையில்லாத தசை இளைக்கும். இளைத்த தசையால் தலையைத் தாங்க முடியாது, கழற்றினால் வலிக்கும், வலிக்கிறதே என்று திரும்ப மாட்டுவார். இந்தச் சுழலிலிருந்து அவரை வெளியே கொண்டுவர உங்கள் ஓய்விடம் வழி இருக்கிறதா?

பயிற்சியிடம் இருக்கிறது. பின்லாந்தில் கழுத்து வலியோடு இருந்த 180 அலுவலகப் பெண்களை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு வருடம் கவனித்தார்கள், 2003இல் முடிவு வெளியானது. ஒரு குழு ரப்பர் பட்டையைத் தலையில் மாட்டி இழுத்துக் கழுத்துத் தசையைப் பலப்படுத்தியது, ஒரு குழு படுத்தபடி தலையைத் தூக்கி இறக்கிப் பழகியது, மூன்றாவது குழுவுக்குத் தசையை நீட்டி விடச் சொல்லிக்கொடுத்ததும் நடை மாதிரி பொதுவான பயிற்சி செய்யுங்கள் என்ற அறிவுரையும்தான். முதல் இரண்டு குழுவுக்கும் வலி நன்றாகக் குறைந்தது, மூன்றாவது குழுவுக்கு அந்த அளவுக்கு இல்லை. அந்தப் பெண்கள் எல்லோரும் தேய்மானக்காரர்கள் என்று சொல்ல முடியாது, நாள்பட்ட கழுத்து வலிக்காரர்கள், அதை நானே சொல்லிவிடுகிறேன், அப்புறம் எதிரணி எழுந்து வந்து பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வலிக்கிற கழுத்துக்கு வேலை கொடுத்தால் அது கெட்டுவிடும் என்ற பயத்துக்கு அங்கே இடமில்லை.

சரி, பேச்சு போதும், செய்து பார்ப்போம். நடுவர் அனுமதித்தால் ஒரு நிமிடம். நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். கண் எதிரே நேராக. இப்போது தலையைக் குனியாமல், அண்ணாக்காமல், தாடையை மட்டும் பின்னால் இழுங்கள், யாரோ முகத்துக்கு ரொம்பக் கிட்டே வந்தால் பின்வாங்குவோமே அந்த மாதிரி. இரட்டைத் தாடை விழுகிறதா? விழட்டும், யாரும் போட்டோ எடுக்கவில்லை. பின்கழுத்தில் லேசாக ஒரு இழுவை தெரியும். ஐந்து எண்ணி விடுங்கள். அடுத்து, உள்ளங்கையை நெற்றியில் வையுங்கள், தலை முன்னால் தள்ளட்டும், கை விடக்கூடாது, தலை ஒரு நூல்கூட நகரக்கூடாது. முழுப் பலத்தையும் போடாதீர்கள், கால்வாசி போதும். மூச்சை அடக்காதீர்கள், அதுவும் பிரஷர் உள்ளவர்கள் வாய்விட்டு எண்ணுங்கள், எண்ணினால் மூச்சு தானாக ஓடும். இதையே காதுக்கு மேலே கை வைத்து இரண்டு பக்கமும், பின்தலையில் கை வைத்து ஒரு முறை. எலும்பு தேய எங்கே வழி இருக்கிறது இதில், அசைவே இல்லையே? மூட்டு சும்மா இருக்கிறது, தசை வேலை செய்கிறது. கடைசியாக இரண்டு தோள்பட்டை எலும்பையும் பின்னால் சேர்த்துப் பிடித்து விடுங்கள், கழுத்து வலிக்காரர்கள் மறந்துபோகிற இடம் அதுதான். அவ்வளவுதான். முன்வரிசையில் ஒரு அம்மா இன்னும் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை, எடுத்துவிடுங்கள் அம்மா.

இப்போது சிரசாசனக்காரர். நண்பர் அவரை எனக்கு எதிரான சாட்சியாகக் கொண்டுவந்தார், ஆனால் அவர் என் பக்கத்துச் சாட்சி. தேய்ந்த கழுத்தின் மேல் உடம்பின் பாரத்தை ஏற்றுகிற சிரசாசனம், கழுத்தை மடக்கி அழுத்துகிற சர்வாங்காசனம், ஹலாசனம், இதெல்லாம் இந்தக் கழுத்துக்கு ஆகாது என்று நாங்களும்தான் சொல்கிறோம். தலையை வட்டமாகச் சுழற்றுவது வேண்டாம். ஜிம்மில் கம்பியைப் பின்கழுத்துப் பக்கம் இறக்குவது, பாரக் கம்பியைப் பிடரியில் வைத்து உட்கார்ந்து எழுவது வேண்டாம். நீச்சல் நல்லதுதான், ஆனால் தலையைத் தண்ணீருக்கு மேலேயே தூக்கி வைத்துக்கொண்டு நீந்தினால் கழுத்து பின்னால் வளைந்தே இருக்கும். அப்படி அண்ணாந்தே இருந்தால் நரம்பு வெளியே வருகிற துவாரம் சுருங்குகிறது. பொங்கலுக்கு முன்னால் ஒட்டடை அடித்துவிட்டு மறுநாள் கையெல்லாம் குடைகிறது என்பார்களே, காரணம் அநேகமாக இதுதான். மல்லாந்து நீந்துங்கள். ஒன்றுமே முடியாதவர்கள் கையை வீசி நடங்கள், நடக்கும்போது செல்போனைப் பார்க்காதீர்கள்.

போகிற போக்கில் ஒன்று: முடிவெட்டி முடித்ததும் சலூனில் தலையைப் பிடித்துச் சடக் என்று நெட்டி எடுப்பார்கள். சுகமாகத்தான் இருக்கும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் இரண்டு அந்தக் கழுத்தெலும்புகளுக்குள் புகுந்துதான் மேலே போகின்றன, வேகமாகத் திருகினால் அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரைக்கும் போயிருக்கிறது. அபூர்வம்தான், ஆனாலும் ஒரு சடக் சத்தத்துக்காக அந்த அபாயம் தேவையா? அதற்குப் பேர் உடற்பயிற்சி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எதிரணியிலிருந்து இன்னொரு குரல், "எங்கள் பெண்கள் நாள் முழுக்க வேலை செய்கிறார்களே, அவர்களுக்குத் தனியாக எதற்கு உடற்பயிற்சி?" என்று கேட்டது. நல்ல கேள்வி, இதில்தான் எனக்குக் கோபமும் வருகிறது. திருப்பூரில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பாருங்கள். ஊசி இறங்குகிற இடத்திலிருந்து கண் நகராது, தோள் காதுவரை ஏறியிருக்கும், கழுத்து முன்னால் நீண்டு குனிந்தே இருக்கும், ஷிப்டு முடிகிறவரைக்கும் அப்படியே. கட்டட வேலைக்குப் போகிற சித்தாள் சும்மாட்டின் மேல் கலவைச் சட்டியை ஏற்றிக்கொண்டு படி ஏறுகிறாள், பாரம் முழுக்க நேரே கழுத்தெலும்பின் மேல் இறங்குகிறது. இந்த இரண்டும் உடற்பயிற்சியா? எந்தத் தசைக்கு எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதை அவர்களா முடிவு செய்கிறார்கள்? மேஸ்திரி முடிவு செய்கிறார், டார்கெட் முடிவு செய்கிறது. வேலை செய்த கழுத்துக்கு நடுநடுவே இரண்டு நிமிடம் நிமிர்ந்து தோளை இறக்கித் தாடையை இழுத்து விடும் சுதந்திரம் இருந்தாலே பாதிப் பிரச்சினை குறையும், அதை முதலாளியிடம் கேட்க வேண்டிய நாமோ "அவள்தான் உழைக்கிறாளே" என்று சொல்லிக் கடந்துபோகிறோம்.

எப்போது பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும் என்றும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் பொறுப்பில்லாமல் பேசினேன் என்று ஆகிவிடும். செய்யும்போது கழுத்தில் லேசான வலி, சிறிது நேரத்தில் அடங்குகிறது என்றால் பரவாயில்லை. வலி தோளைத் தாண்டிக் கைக்கு இறங்கினால், விரல் மரத்தால், நிறுத்துங்கள். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது, கையில் இருக்கும் டம்ளர் நழுவுகிறது, நடை தள்ளாடுகிறது, குனிந்தால் முதுகுத்தண்டில் ஷாக் அடித்த மாதிரி ஓடுகிறது, சிறுநீர் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் தண்டுவடமே நெருக்கப்படலாம், அன்றைக்கே காட்டுங்கள். விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வந்த வலி, காரணமில்லாமல் எடை இறங்குவது, முன்பு புற்றுநோய் இருந்தது, இங்கெல்லாமும் பயிற்சி அப்புறம்தான். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மேல் இரண்டு எலும்புகளின் பிடிப்பே தளர்ந்திருக்கலாம், அவர்கள் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். மற்றவர்களும் முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து காட்டித் திருத்திக்கொண்டு வீட்டில் செய்வது நல்லது.

கடைசியாக எதிரணித் தலைவர் எழுந்து, "எத்தனை நாளில் வலி போகும், தேதி சொல்ல முடியுமா?" என்று கேட்டார். முடியாது ஐயா. தசை பலப்பட வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம், நன்றாக ஆனதும் நிறுத்தினால் வலி திரும்பவும் வரலாம். ஆனால் நீங்கள் மட்டும் காலரைக் கழற்ற ஒரு தேதி சொன்னீர்களா? மணி அடித்துவிட்டது, நடுவர் என்னை முறைக்கிறார். அவராவது தலையைத் திருப்பி முறைக்கிறாரே என்ற சந்தோஷத்தோடு விடைபெறுகிறேன், வணக்கம்.