கருவாட்டுப் பெட்டியும் 12 மணி விமானமும்

வணக்கம் நேயர்களே. நான் சாயல்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. சொந்த ஊர் நரிப்பையூர். கார் ஓட்டத் தெரியும் என்பதால், எங்கள் குடும்பத்தில் யார் வெளிநாடு கிளம்பினாலும் மதுரை விமான நிலையம் வரை கொண்டுபோய் விடுவது என் தலையில் விழுந்துவிடும். போன மாசியில் தம்பியைத் துபாய்க்கு அனுப்பிவிட்டு வந்த கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் போய், பரமக்குடியில் நான்கு வழிச் சாலையைப் பிடித்தும் மதுரைக்குப் போகலாம். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. நாங்கள் சாயல்குடி, பெருநாழி, அருப்புக்கோட்டை என்று குறுக்கே ஏறிவிடுவோம். 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். விமான நிலையம் மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டைச் சாலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நகரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. சாதாரணமாக இரண்டேகால் மணி நேரம்.

விமானம் பகல் 12 மணிக்கு. வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். அதை எங்கள் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள், அதற்கப்புறம் கெஞ்சினாலும் நடக்காது. ஆகவே என் கணக்கில் 11 மணிதான் கெடு. காலை 7 மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

அன்று திங்கட்கிழமை. திங்கள் என்றால் ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். ஏழு இருபத்தைந்துக்கு அம்மாவுக்கு அது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், குளித்தும் குளிக்காமலும் எல்லாரும் காரில் ஏறினோம். வண்டி வாசலைத் தாண்டித் தெரு முனைக்கு வந்துவிட்டது. "நல்ல நேரத்துல வெளிய வந்துட்டோம், இனி ஒண்ணுமில்ல" என்றார் அம்மா. அடுத்த நிமிடமே, "ஐயையோ, கருவாட்டுப் பெட்டி!"

நெத்திலியும் சீலாவும், மேலே இரண்டு வட்டுக் கருப்பட்டி. வாசனை வெளியே வராமலிருக்க மூன்று பாலித்தீன் பை, அதற்குமேல் அட்டைப்பெட்டி, சுற்றிலும் டேப். ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து கட்டிய பெட்டி. (கொப்பரைத் தேங்காயும் வைக்கப் பார்த்தார். தீப்பிடிக்கும் என்று விமானத்தில் அதற்குத் தடை இருக்கிறது என்று சொல்லி நான்தான் எடுக்கவைத்தேன்.) ஆனால் கிளம்பியவர்கள் திரும்ப வீட்டுக்குள் போகக் கூடாதே. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, சாவியைக் கொடுத்து, அவன் போய்ப் பெட்டியைத் தேடி எடுத்து வருவதற்குள் சித்தப்பா வந்தார், பெரியம்மா திருநீற்றோடு வந்தார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வந்து நின்றன. தெரு முனையை விட்டு வண்டி நகர்ந்தபோது 8.10.

பின்னால் யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு எங்களைத் தாமதமாக்கியது ரோடே இல்லை. அந்த நாற்பத்தைந்து நிமிடம்தான். ஆனால் ஊரில் யாரிடம் சொன்னாலும் ரோட்டைத்தான் திட்டுகிறார்கள்.

சரி, ரோட்டுக்கு வருகிறேன். பெருநாழிக்கு முன்னால் ஒரு பாலத்தில் வேலை நடக்கிறது என்று தடுப்பு வைத்திருந்தார்கள். "அக்கா, மேப்பு இந்தப் பக்கம் போகச் சொல்லுதுக்கா, எட்டு நிமிஷம் மிச்சமாம்" என்றான் தம்பி. திருப்பினேன். தார் ஒரு கார் அகலத்துக்கு. அதிலும் பாதியை மறித்து மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய்தான். ஓரத்தில் வரிசையாகக் கல் அடுக்கியிருந்தது. ஒரு பாட்டி கம்போடு எழுந்து நின்று என் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை போகிற வேகத்தில்தான் நானும் போனேன்.

அப்புறம் இரண்டு பக்கமும் சீமைக் கருவேல். கடலைத் தாண்டி வந்த மரம், எங்கள் மாவட்டத்தில் மனிதர்களைவிட நன்றாக வேர் பிடித்துவிட்டது. கரிமூட்டத்துக்கு வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போகும்போது வழியெல்லாம் முள் உதிரும். கண்மாய்க் கரைமேல் ஏறும்போது போனில் சிக்னல் போய்விட்டது. மேப்பில் எங்கள் நீலப் புள்ளி ஏதோ வயலுக்கு நடுவே நின்றுவிட்டது. அதே நேரம் ஸ்டியரிங் இடது பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் டயர் தரையோடு படிந்து கிடக்கிறது. மணி 9.10.

ஸ்டெப்னி டிக்கியின் அடியில். அதை எடுக்க மேலே இருக்கிற சாமான் எல்லாவற்றையும் இறக்கவேண்டும். இறக்கினோம். நட்டு நான்கில் மூன்று கழன்றது. நாலாவது அசையவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு தம்பி ஸ்பேனர்மேல் ஏறி நின்று குதித்தான். ஸ்பேனர்தான் வழுக்கியது. அம்மா காருக்குள் உட்கார்ந்து எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது கரைமேல் செம்மறி ஆடுகள் ஏறி வந்தன. இருநூறு இருக்கும். பின்னால் தோளில் தொரட்டியோடு கீதாரி ஒருவர். "என்ன தாயீ, காத்து எறங்கிருச்சா?" என்றார். ஆடுகள் எங்களைச் சுற்றிக்கொண்டன. ஒன்று தம்பியின் பையை முகர்ந்தது. அவர் முதலில் பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தார். பிறகு ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். "சக்கரம் தரையில பாவியிருக்கணும் தம்பி, தூக்கிக்கிட்டுத் திருகுனா அதுவும்ல சேந்து சுத்தும்." பன்னிரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிற எனக்கு அது தோன்றவில்லை. தம்பி மறுபடி ஏறி மிதித்தான். கிர்ரென்று ஒரு சத்தம், நட்டு இளகியது. பிரதான சாலைக்கு வழியையும் அவரே சொன்னார்: கலுங்கு தாண்டி, ரெட்டைப் பனையில் வலது கை.

9.45. அப்புறம் நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. அருப்புக்கோட்டையைத் தொட்டதும் நான்கு வழிச் சாலை. வாய் திறக்காமல் ஓட்டினேன். எலியார்பத்தி சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேகில் பணம் குறைவு என்று கம்பி தூக்கவில்லை. இரண்டு மடங்கு கட்டணத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். வேறு நாளாயிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மண்டேலா நகர் திருப்பம், விமான நிலைய வாசல், 10.56. துப்பாக்கியோடு நின்ற காவலர் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தம்பி திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினான். 11.10க்குப் போன் வந்தது. "அக்கா, போர்டிங் பாஸ் வாங்கிட்டேன்."

அம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "பெட்டிய எடை போட்டாங்களாமா?" என்று கேட்டார். நான் டிக்கியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இல்லை. தம்பி இரண்டு பையோடுதான் ஓடினான் என்பதும் ஞாபகம் வந்தது. கருவாட்டுப் பெட்டி கண்மாய்க் கரையிலேயே நின்றுவிட்டது.

திரும்பும்போது அதே வழியில் வந்தோம். அம்மா பிடிவாதம். நாயோ நரியோ இழுத்துப் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், கருவேல மரத்தில் ஆள் உயரத்துக்குமேல் ஒரு கவட்டையில், துண்டால் கட்டி, எங்கள் பெட்டி தொங்குகிறது. கீழே நிழலில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "தம்பிக்கு பிளேனு கெடச்சிருச்சா?"

அம்மா அங்கேயே உட்கார்ந்து, ராத்திரி சுற்றிய டேப்பையெல்லாம் பல்லால் கடித்துப் பிரித்து, பாதிக் கருவாட்டையும் ஒரு வட்டுக் கருப்பட்டியையும் அவர் தூக்குவாளிக்குப் பக்கத்தில் வைத்தார். மீதி எங்களோடு வீட்டுக்கு வந்தது.

அன்று இரவு சீலாக் கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது துபாயிலிருந்து தம்பி வீடியோவில் வந்தான். போய்ச் சேர்ந்ததைக்கூடச் சொல்லவில்லை, "அம்மா, கருவாட்டுப் பெட்டி எந்தப் பையில இருக்கு?" என்றான். அம்மா போனை என் கையில் திணித்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.