அம்மி கொத்தியவரும் ஆறு படங்களும்

(காரைக்குடியில் ஒரு ஞாயிறு மாலை, வாசகர் கூட்டத்தில் பேசியது. ஒரு தம்பி செல்போனில் பதிவு செய்திருந்தார். அதைக் கேட்டு நானே எழுதினேன். இருமல், தண்ணீர் குடித்தது, மின்சாரம் போய் வந்தது எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஊரில் யார் மேடையேறினாலும் கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்வார் என்று காத்திருப்பீர்கள். நான் முப்பது வருஷமாக வக்கீலாகக் குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று அடுத்தவர் சொல்லும் தீர்ப்பைக் கேட்டே பழகியவன். அதனால் தீர்ப்பு எதுவும் வராது. கண்ணால் கண்ட சாட்சியை எவ்வளவு நம்பலாம் என்பதைத்தான் பேசப்போகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு தடவை கண்ணால் கண்ட சாட்சியாக இருந்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே சொன்னால் மற்றதைச் சொல்ல எனக்கு முகம் இருக்காது.

எங்கள் ஐயா 14 வயதில் பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போனவர். அங்கே அடகுக் கடையில் பெட்டியடிப் பையன், பணப்பெட்டிக்குப் பக்கத்தில் எடுபிடி. போன முதல் மாதம், அடகை மீட்க ஒருத்தர் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஐயா பக்கத்தில் இருந்த இன்னொருத்தர் கையில் நகையைக் கொடுக்கப் போய்விட்டார். மேலாள் பார்த்துத் தடுத்து, தலையில் ஒரு குட்டு. "எல்லாரும் ஒரே மாதிரி இருக்காகளே"ன்னு ஐயா அழுதாராம். ஒரு வருஷம் கழித்து அண்ணன் யார் தம்பி யார் என்று தூரத்தில் வரும்போதே சொல்லுவாராம். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அந்த ஊர்க்காரர்களுக்கும் ஐயா யார், அடுத்தாள் (மேலாளுக்கு அடுத்த பதவிக்காரர்) யார் என்று வித்தியாசம் தெரியவில்லை. மொட்டைத்தலை, திருநீறு, வெள்ளை வேட்டி, அவ்வளவுதான் அவர்களுக்கு. அடுத்தாளுக்கு வயது 40, ஐயாவுக்கு 14.

இதை உளவியல்காரர்கள் முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1969-இல் மால்பாஸ், க்ராவிட்ஸ் என்ற இருவர் வெள்ளையர், கறுப்பர் முகங்களை வைத்துச் சோதித்தார்கள். 2001-இல் மைஸ்னர், பிரிகம் என்ற இருவர் அதுவரை வந்த 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தன் இனத்து முகத்தைவிட வேற்று இனத்து முகத்தில், பார்க்காத ஆளைப் 'பார்த்தேன்' என்று தவறாகச் சொல்வது ஒன்றரை மடங்குக்குமேல் அதிகம். ஒருவர் மனதில் வெறுப்பு இருந்தால்தான் இப்படி நடக்கும் என்றில்லை. ஐயாவுக்கு யார்மேலும் வெறுப்பில்லை, குட்டு வாங்கியதுதான் மிச்சம். கண் எந்த முகங்களைப் பார்த்துப் பழகியதோ அதைத்தான் நுணுக்கமாகப் பிரிக்கும்.

போன வருஷம் ஒரு வழக்கு, ஊர் பெயர் வேண்டாம். ஒரு வீட்டில் டைல்ஸ் போட ஒடிசாப் பையன்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் செல்போனும் பணமும் காணோம். அந்த வீட்டம்மா கோர்ட்டில் ஒரு பையனைக் காட்டி இவன்தான் என்றார்கள். குறுக்கு விசாரணையில் நான் மெதுவாகத்தான் கேட்டேன், மற்ற நான்கு பேரிலிருந்து இவரை எப்படிம்மா பிரித்துப் பார்த்தீர்கள் என்று. "எல்லாவனும் ஒரே மாதிரித்தான் சார் இருக்கானுக"ன்னாங்க, கொஞ்சம் சலிப்போடு. சொன்னதன் அர்த்தம் அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. மாஜிஸ்ட்ரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

சரி, இப்போது அமெரிக்கா. 1984 ஜூலை, வடக்கு கரோலினாவில் பர்லிங்டன் என்ற ஊர். ஜெனிபர் தாம்சன் என்ற 22 வயதுக் கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் இரவில் ஒருவன் புகுந்து பலாத்காரம் செய்கிறான். அந்தப் பெண் சாமானியப்பட்டவர் இல்லை. அந்த நிலையிலும் இவனை மாட்டிவைக்க வேண்டும் என்று அவன் முகத்தை மனப்பாடம் செய்தார். இதற்குமேல் ஒரு சாட்சி என்ன செய்ய முடியும்? போலீஸ் ஆறு படங்களை மேஜையில் பரப்பியது. அவர் நிதானமாகப் பார்த்து ஒன்றைக் காட்டினார், ரொனால்ட் காட்டன். அவர் கறுப்பர், தாம்சன் வெள்ளைக்காரப் பெண். அப்புறம் ஆட்களை நேரில் வரிசையாக நிறுத்தினார்கள். படத்திலும் இருந்து வரிசையிலும் நின்றவர் காட்டன் ஒருவர்தான். தாம்சன் அவரையே காட்டினார். படத்தில் காட்டிய ஆளும் இவன்தான் என்று போலீஸ் அவரிடம் சொல்லிவிட்டது. அந்த நிமிஷத்தோடு அந்தப் பெண்ணின் மனதில் இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

1985-இல் தண்டனை. 1987-இல் மறு விசாரணை நடந்தபோது பாபி பூல் என்ற இன்னொரு கைதியை அதே கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள், ஏனென்றால் இதைச் செய்தது நான்தான் என்று அவன் சிறையில் பேசிக்கொண்டிருந்ததாகச் செய்தி. தாம்சன் பார்த்தார். இந்த ஆளை என் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்றார். பொய் சொல்லவில்லை. காட்டனுக்கு ஆயுள் தண்டனை, அதன்மேல் 54 வருஷம். 1995-இல் டிஎன்ஏ சோதனை வந்தது. செய்தவன் பூல். காட்டன் வெளியே வந்தபோது பத்தரை வருஷம் போயிருந்தது.

மூன்று வருஷத்தில் ஒருத்தன் முகம் அழிந்து அந்த இடத்தில் இன்னொருத்தன் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது, அதுவும் மனப்பாடம் செய்தவர் மனதில். நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இதைத்தான். நாம் ஞாபகம் என்றால் மரப்பெட்டகத்தில் வைத்துப் பூட்டிய பத்திரம் மாதிரி நினைக்கிறோம், வேண்டும்போது திறந்து பார்க்கலாம் என்று. உண்மையில் ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் நாம் அதைத் திரும்ப எழுதி வைக்கிறோம், பக்கத்தில் நிற்கிறவர் சொல்லச் சொல்ல.

எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியல்கார அம்மா 1974-இல் ஒரு சோதனை செய்தார். மாணவர்களுக்கு கார் விபத்துப் படம் போட்டுக் காட்டி, வேகம் எவ்வளவு என்று கேட்டார். சிலரிடம் 'முட்டி நொறுங்கியபோது' என்பது போன்ற சொல், சிலரிடம் 'தொட்டபோது' என்பது போன்ற சொல். முதல் கூட்டம் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குமேல் என்றது, இரண்டாவது 32 மைலுக்குக் கொஞ்சம் குறைவாக. பார்த்தது ஒரே படம். இன்னொரு குழுவிடம் ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. 'நொறுங்கிய' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள், சாதாரணமாக 'இடித்த' என்று கேட்கப்பட்டவர்களில் 7 பேர். போலீஸ் ஸ்டேஷனில் கேட்கிற கேள்வி இவ்வளவு பதவிசாக இருக்கும் என்று நினைக்கிறீர்களா?

கேரி வெல்ஸ் என்பவரின் ஆய்வு இதற்கு அடுத்த படி. தப்பான ஆளைக் காட்டிய சாட்சியிடம் 'சரியாகக் காட்டினீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கப்புறம் கேட்டால், எனக்கு அப்போதே உறுதியாகத் தெரியும், வெளிச்சம் நன்றாக இருந்தது, முகத்தை நன்றாகப் பார்த்தேன் என்று எல்லாமே கூடிவிடும். கோர்ட்டில் நாங்கள் எதைப் பார்த்து மயங்குகிறோமோ, அந்த உறுதி இப்படித்தான் ஏறுகிறது. பாரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் என்ற இரண்டு வக்கீல்கள் 1992-இல் தொடங்கிய இன்னசென்ஸ் ப்ராஜெக்ட், டிஎன்ஏவால் விடுதலையானவர்களின் வழக்குகளைக் கணக்கெடுத்திருக்கிறது. பத்தில் ஏழு வழக்குகளில் கண்ணால் கண்ட சாட்சி தப்பாக ஆளைக் காட்டியிருக்கிறது.

நம் ஊரில் இதற்கு அடையாள அணிவகுப்பு என்று ஒன்று உண்டு. சிறைக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால், அதே வயது, அதே உயரம், அதே ஜாடையில் ஆட்களைக் கலந்து நிறுத்தி, போலீஸை வெளியே அனுப்பிவிட்டு, சாட்சியைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுவார்கள். நல்ல ஏற்பாடு. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் 9-ஆம் பிரிவு, இப்போது வந்திருக்கிற புதுச் சட்டத்தில் 7-ஆம் பிரிவு. அணிவகுப்பில் காட்டியது துணைச் சான்றுதான், கோர்ட்டில் சாட்சி சொல்வதுதான் பிரதான சாட்சியம் என்று சுப்ரீம் கோர்ட் பலமுறை சொல்லிவிட்டது. ஆனால் எங்கள் மாதிரி வக்கீல்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி பழைய கேள்விதான்: "அதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல காட்டுனாங்களா?" பாதிப் பேர் வெள்ளந்தியாக ஆமா என்பார்கள். பிடித்துவந்த ஆளை ஜட்டியோடு உட்காரவைத்திருந்ததைப் பார்த்திருப்பார்கள். இப்போது அதுகூட வேண்டாம், சிசிடிவி படம் என்று தெரு வாட்ஸ்அப் குரூப்பில் முதல் நாளே வந்துவிடுகிறது. சாட்சி சங்கிலி பறித்தவனைப் பார்த்தது நாலு நொடி, அதிலும் பாதி நேரம் கண் அரிவாள்மேல். வாட்ஸ்அப் படத்தைப் பார்த்தது நாற்பது தடவை. அணிவகுப்பில் எந்த முகம் ஞாபகம் வரும்?

காட்டன் வழக்கில் அந்த ஆறு படங்களில் காட்டன் படம் எப்படி வந்தது என்று யாராவது கேட்டீர்களா? சின்ன வயசில் ஒரு வழக்கில் மாட்டியிருந்தார், படம் ஸ்டேஷனில் இருந்தது. நாம் 'கேடி' என்று திட்டுகிறோமே, அது தமிழ்ச் சொல் இல்லை. 'நோன் டெப்ரிடேட்டர்' என்று வெள்ளைக்காரப் போலீஸ் வைத்த பட்டியலின் இரண்டெழுத்துச் சுருக்கம். அந்தப் பட்டியலில் யார் பெயர் ஏறும் என்பதுதான் நம் ஊர் நிறவெறி. அங்கே தோல், இங்கே சாதி. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தார்கள், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்ததாலேயே சந்தேக நபர், கைரேகை வைக்க வேண்டும். மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 16 பேர் சுடப்பட்டுச் செத்தார்கள். இங்கிருந்து என்ன பெரிய தூரம்? 1947-இல் நம் மாகாணத்தில் சட்டம் போனது. ஆனால் சிறைக் கையேடுகளில் அந்த வாசனை போகவில்லை என்பதால்தான் 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சிறைகளில் சாதிப் பாகுபாட்டை நீக்கித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கும் ஒரு நகைத் திருட்டு நடந்தால் குறவர் குடியிருப்புக்கு ஜீப் போகிற வேகம் உங்களுக்கே தெரியும்.

பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற ஊரில் கோவலனைச் சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்வீர்கள். அந்தக் கொலைக்களத்தில் காவலர்கள் முதலில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? இவன் முக இலக்கணத்தைப் பார்த்தால் கொல்லப்படத் தக்கவனாகத் தெரியவில்லை என்கிறார்கள். எல்லாரும் அதைக் கருணை என்று படிக்கிறோம். எனக்கு அதிலும் ஒரு உறுத்தல் உண்டு. முகம் வேறு மாதிரி இருந்திருந்தால் பொற்கொல்லன் அவ்வளவு நேரம் பேச வேண்டியதே இருந்திருக்காது.

சரி, என் சாட்சியம். எனக்கு ஒன்பது வயது. சித்தி கல்யாணம் முடிந்து நாலாவது நாள், வீடு முழுக்கச் சாமான். பின்கட்டில் அம்மி கொத்த ஒருத்தர் வந்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடம் லீவு, நான் பக்கத்தில் குந்திக்கொண்டு உளி விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல் பொடி பறக்கும், எப்போதாவது ஒரு பொறி. "கண்ண மூடிக்கப்பா, தெறிக்கும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். இதுவாவது நிஜமா என்று என்னைக் கேட்காதீர்கள், அந்தக் குரல் மட்டும் எனக்கு நிச்சயம்.

சாயந்திரம் ஆச்சி கணக்குப் பார்த்தபோது ஒரு வெள்ளிச் செம்பு குறைகிறது. என்னைக் கூப்பிட்டு, "என்னப்பா பாத்தே" என்று யாரும் கேட்கவில்லை. "அந்தப் பய சாக்குல எதையாச்சும் வச்சானா?" என்று கேட்டார்கள். முதல் தடவை தெரியாது என்றேன். இரண்டாவது ஆள் கேட்டபோது, எதையோ வைத்தார் என்றேன். மூன்றாவது ஆள் பெரியப்பா, பளபளன்னு இருந்துச்சா என்றார். ஆமா என்றேன். "கெட்டிக்காரப் பய, கண்ணுல பாத்திருக்கான்" என்று தலையைத் தடவினார். இரவு எட்டு மணிக்கு அம்மி கொத்தியவரைப் பிடித்துவந்து முகப்புத் தேக்குத் தூணில் கட்டியபோது, சாக்கின் வாயில் சிவப்பு நூலால் தையல் இருந்தது என்றுகூட நான் சொன்னேன். யாரும் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். அடித்தார்கள். காலையில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆடி மாதம் சித்தி வீட்டிலிருந்து சாமான் சில திரும்பி வந்தது. அதற்குள் செம்பு இருந்தது. சீர்ச் சாமானோடு கலந்து போயிருக்கிறது. ஆச்சி அதைத் துடைத்து உள்ளே வைத்தாக, யாரும் எதுவும் பேசவில்லை, அவரைத் தேடிப் போய்ச் சொல்லவும் இல்லை. அவர் எங்கள் தெருப் பக்கம் அப்புறம் வரவே இல்லை. மிக்ஸி வாங்கும்வரை அந்த அம்மி கொத்தாமலேயே மழுங்கிக் கிடந்தது.

இந்தத் தொழிலுக்கு வந்து, லாஃப்டஸைப் படித்து, நூற்றுக்கணக்கான சாட்சிகளை மடக்கியிருக்கிறேன். அவர் எதையும் எடுக்கவில்லை என்பது எனக்குக் கணக்குப்போட்டதுபோலத் தெரியும். ஆனாலும் அந்தப் பின்கட்டை நினைத்தால், அவர் குனிந்து சாக்குக்குள் கையை விடுகிறார், வெள்ளி ஒரு முறை மின்னுகிறது, வாயில் சிவப்பு நூல் தையல். கண்ணை மூடினாலும் தெரிகிறது.