கிளினிக் நாளும் மற்ற 29 நாளும்

அன்பான நேயர்களே, வணக்கம். இஸ்லாமிய உறவுகளுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

நீரிழிவு கிளினிக்கில் 22 வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்பவர்களோடுதான் என் காலம் போனது. சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மருந்தைப் பற்றி டொக்டர்மார் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மாதத்தில் கிளினிக் நாள் ஒன்று. மற்ற நாள் 29. சீனி கூடுவதும் குறைவதும் அந்த 29 நாளில்தான்.

ஒரு அம்மா வருவா. பெயர் வேண்டாம். ஒருநாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸி, மூண்டு நாளாச் சோறு தொடல்ல. குறிஞ்சா இலையை அவிச்சுக் குடிச்சன். இண்டைக்கு ரிப்போட் நல்லா வரும் பாருங்க" என்றா. அப்படியே வெறும் வயிற்றுச் சீனி 112 வந்தது. அவவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் டொக்டர் அன்று எச்பிஏ1சி பரிசோதனைக்கும் எழுதியிருந்தார். அது 9.4 என்று வந்தது. இரத்தத்தில் சீனி சராசரியாக 220க்கு மேல் இருந்திருக்கிறது என்று அர்த்தம். நம் இரத்தத்தில் உள்ள சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அத்தனை நாளும் இரத்தத்தில் ஓடிய சீனி அதில் ஒட்டிக்கொண்டே வரும். அதனால் அந்தப் பரிசோதனை போன இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும். மூன்று நாள் பட்டினியால் அதை ஏமாற்ற முடியாது.

கதை முடியவில்லை. அடுத்த கிளினிக்குக்கும் அதே அம்மா. முதல் நாள் பின்னேரத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் விடிய எழும்பி மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறா. வாங்கில் இருந்தவ சும்மா இருக்கிற மாதிரித்தான் தெரிந்தது. பக்கத்தில் போனபோது மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. காற்றாடி தலைக்கு மேலே சுற்றுகிறது, சட்டை முதுகோடு ஒட்டிப்போய்க் கிடக்கிறது. கையில் இருந்த கிளினிக் கொப்பி படபடவென்று நடுங்குகிறது. "ஒண்டுமில்ல பிள்ள, கண்ணுதான் இருட்டுது" என்றா. குத்திப் பார்த்தால் 48. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் திரும்பப் பார்த்து, ஏறிய பிறகு சாப்பிட வைத்தோம்.

இதைக் கேட்கிற பிள்ளைகள் மனதில் வையுங்கள். சீனி 70க்குக் கீழே போனால் இதுதான் செய்ய வேண்டியது. மயங்கிக் கிடப்பவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்ற வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு போகும் நாளில் மாத்திரையைப் பையில் கொண்டுபோவதா, எப்போது போடுவது என்று முன்கூட்டியே உங்கள் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குறிஞ்சா இலையை எல்லாரும் நம்புகிறோம்; சுண்டலாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரைதான். மாத்திரைக்குப் பதிலாக என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

சரி, அந்த 29 நாளுக்கு வருவோம். இன்று இரவு ஒரு வேலை செய்து பாருங்கள். கறி இல்லாமல் ஒரு வாய் வெறும் சோற்றை எடுத்து, விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்கும். மாச்சத்து வாயிலேயே சீனியாக மாறத் தொடங்குகிறது. "நான் இனிப்பே தொடுறதில்ல மிஸி" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! கோப்பையில் மலை மாதிரி சோறு இருக்கும். நெல் விளைகிற மண் இது, சோற்றை விடச் சொல்ல நான் வரவில்லை. நம் தாத்தாமார் அவ்வளவு சோறும் சாப்பிட்டார்கள், உண்மை. அவர்கள் நாள் முழுக்க வெயிலில் குனிந்து கையால் அரிவி வெட்டினார்கள். இன்று வெட்டு மெசின் வந்துவிட்டது. சோறு மட்டும் அதே அளவில் நிற்கிறது.

அதனால் அளவைக் குறையுங்கள், வரிசையை மாற்றுங்கள். முதலில் கீரையும் மரக்கறியும் மீனும். சோறு கடைசியில். கீரை முன்னால் போனால் சோற்றின் சீனி மெதுவாக ஏறும். கோப்பையில் பாதி மரக்கறியாக இருக்கட்டும். முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை எல்லாம் வேலியோரத்தில் கிடக்கிறது. வாவி மீனுக்கும் இங்கே பஞ்சமில்லை. தவிடு போகாத சிவப்பரிசி தீட்டிய பச்சையரிசியைவிட நல்லது. ஆனால் சிவப்பரிசி என்று இரண்டு மடங்கு போட்டால் பலன் இல்லை. குரக்கன் பிட்டுக்கும் அதே கணக்குத்தான்.

அப்புறம் தேத்தண்ணி. இதைச் சொல்லாமல் நான் போகமாட்டேன். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்கிற நம் ஊர்களில் எந்த வீட்டு வாசலில் ஏறினாலும் தேத்தண்ணி வரும், சீனியும் தாராளமாக வரும். ஒரு நாளைக்கு 5 கோப்பை, கோப்பைக்கு 2 தேக்கரண்டி என்று வையுங்கள். 10 தேக்கரண்டி. ஒரு கரண்டி 4, 5 கிராம். மாதம் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ சீனி, தேத்தண்ணியில் மட்டும்! சுகமாக இருப்பவருக்கே நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். "அப்ப பனங்கட்டி கடிச்சுக் குடிக்கலாமா?" என்று கேட்பார்கள். பனங்கட்டியும் சர்க்கரையும் தேனும் இரத்தத்துக்குள் போனால் சீனிதான். ஒரேயடியாக விட முடியாவிட்டால் வாரத்துக்குக் கால் கரண்டி குறையுங்கள். நாக்குப் பழகும், நான் பார்த்திருக்கிறேன். விருந்தாளிக்குக் கொடுக்கும்போது சீனியைத் தனியாக வையுங்கள். நமது எருமைத் தயிரும் அப்படித்தான். அளவான தயிர் பிழையில்லை, மேலே ஊற்றுகிற இனிப்புப் பாணியில்தான் விஷயம்.

சாப்பிட்டதும் பாயில் சரியாதீர்கள். பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் தசை இரத்தத்திலிருந்து சீனியை இழுத்துக்கொள்ளும். கல்லடிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடற்கரை இருக்கிறது. யானை வருகிற ஊர்களில் இரவில் றோட்டில் நடக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. வளவுக்குள்ளேயே, வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடவுங்கள்.

நேரம் முடிகிறது என்று தம்பி கை காட்டுகிறார். கண்ணைப் பற்றியும் சிறுநீரகத்தைப் பற்றியும் எழுதி வைத்திருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், அது போதும். கால் விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். வயலில் வெறுங்காலோடு இறங்குகிறவர்கள், உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள், சீனி கூடி நரம்பு மரத்திருந்தால் முள் தைத்தாலும் தெரியாது. இரவில் கால் கழுவித் துடைத்து, விரல் இடுக்கையும் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் முகம் பார்க்கிற கண்ணாடியைக் கீழே வையுங்கள், அல்லது பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் புண் என்றாலும் அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், அடுத்த நாளே வாருங்கள். நன்றி, வணக்கம்.