சட்டை பட்டன் வாய் பிளக்குதா? எக்ஸெல் வாங்காதீங்க, பிளவுஸ் டெய்லரிடம் போங்க!

வணக்கம் மக்களே. ஏற்காடு வீடியோ எங்கே என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரே மூடுபனி, எடுத்ததில் பாதி வெறும் வெள்ளையாக இருக்கிறது. இன்றைக்குச் சட்டைக் கதை.

இதோ, பிளவுஸ் டெய்லர் தைத்த சட்டையைப் போட்டிருக்கிறேன். கையைத் தூக்குகிறேன், பஸ்ஸில் கம்பி பிடிக்கிற மாதிரி. இரண்டு கையையும் பின்னால் இழுக்கிறேன். எங்கேயாவது பிளக்கிறதா? உள்ளே பனியன் கூடப் போடவில்லை. ஊக்கும் குத்தவில்லை!

போன வாரம் இங்கே சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். எம் சைஸ் தோளுக்கும் இடுப்புக்கும் கச்சிதம். மார்பில் மட்டும் இரண்டு பட்டனுக்கு நடுவே 'ஆ' என்று திறந்துகொண்டது. அங்கிருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "எக்ஸெல் எடுத்துக்குங்க மேடம்." எக்ஸெல் போட்டால் மார்பு மூடுகிறது, தோள் தையல் கைக்கு இறங்குகிறது, அண்ணன் சட்டையை இரவல் வாங்கிய மாதிரி. விலை 1,399 ரூபாய்! அவ்வளவையும் கொடுத்துவிட்டு ஊக்கும் நாமே வாங்கிக் குத்திக்கொள்ள வேண்டுமாம்.

ரெடிமேட் சட்டையைப் பெரும்பாலும் பி கப் அளவை, அதாவது அவ்வளவு எடுப்பில்லாத மார்பை, மனதில் வைத்துத்தான் வெட்டுகிறார்கள். சைஸ் ஏற ஏறத் தோள், கழுத்து, கை எல்லாம் சேர்ந்து பெரிதாகும். நமக்குத் துணி வேண்டியது முன்பக்கத்தில் மட்டும். ஆனால் பாருங்கள், நம் ஊரில் தெருவுக்குத் தெரு பிளவுஸ் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். டாட் (துணியை மடித்துப் பிடிக்கிற தையல்) எங்கே பிடிக்க வேண்டும், பாயிண்ட் (மார்பு எடுப்பான இடம்) எங்கே வர வேண்டும் என்று அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். சட்டை என்றதும் நாம் ஏன் ஜென்ட்ஸ் டெய்லரிடம் ஓடுகிறோம்? அவர் தட்டையாக வெட்டித் தருகிறார்.

அஸ்தம்பட்டியில் எனக்குத் தைக்கிற அக்கா, பட்டுப்புடவை வீடியோவில் வந்தாரே, அவரிடம்தான் கேட்டேன். "காலர் எல்லாம் எனக்கு ஒத்துவராது கண்ணு" என்றார். நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். அக்குளுக்கு நேராக, மார்புக்கு மேலே ஓர் அளவு. மார்பு எடுப்பான இடத்தில் ஓர் அளவு. அந்த வித்தியாசத்துக்கு மட்டும் முன்பக்கம் துணி விட்டு, பிரின்சஸ் கட், அதாவது டாட்டுக்குப் பதில் மார்பின் மேல் நீளமாக இறங்கும் தையல்.

அடடா, ஒன்று விட்டுவிட்டேன். அளவு கொடுக்கப் போகும்போது, சட்டைக்குள் எந்த பிரா போடுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு போங்கள். வேறு போட்டால் பாயிண்ட் மேலே கீழே போய்விடும்.

இப்போது பட்டன். இதைச் சொல்லாமல் விடமாட்டேன். கடைச் சட்டையில் காலரிலிருந்து கீழே சம இடைவெளியில் வைத்துக்கொண்டே போவார்கள். மார்பின் பாயிண்ட் இரண்டு பட்டனுக்கு நடுவே மாட்டினால் பிளக்கத்தான் செய்யும். அக்கா முதல் பட்டனையே அந்தப் பாயிண்டுக்கு நேராகச் சாக்பீஸால் குறித்தார். அங்கிருந்து மேலே, கீழே, இரண்டரை அங்குலத்துக்கு ஒன்று. அதற்கு நடுவில் உள்பக்கமாக ஒரு டிச் பட்டன், வெளியே தெரியாது. பட்டன் வாங்கச் சின்னக் கடை வீதிக்குப் போனால், வெள்ளையிலேயே அத்தனை வெள்ளை! ஒன்று நீலம் அடிக்கிறது, ஒன்று பழுப்பு. கடைக்காரர் பொறுமையாக வெயிலில் வைத்துக் காட்டினார், மகராசன்.

கணக்கு கேட்பீர்கள். துணி இரண்டு மீட்டர் 360, தையல் 450, பட்டன் 60, காஜா (பட்டன் ஓட்டை) ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் ஒன்பதுக்கு 45. மொத்தம் 915. அந்தக் காஜாவுக்குத் தனிக் காசு என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அக்காவிடம் காஜா மெஷின் இல்லை, வெளியே கொடுத்து வாங்க வேண்டும், சரி. ஆனாலும் 45 ரூபாய்!

இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் பற்றிப் பலர் கேட்டீர்கள். சேலம் வெயிலில் வியர்த்ததும் கழன்றுவிடும், எனக்கு அது அறவே பிடிக்காது. ஏற்கெனவே பெரிய சைஸ் வாங்கிவிட்டவர்கள் பக்கத் தையலைப் பிடித்து, முதுகில் இரண்டு டாட் போடச் சொல்லுங்கள். தோள் இறங்கியிருந்தால் மட்டும் ஆல்டர் செய்வது பெரிய வேலை.

துணி? கொஞ்சம் லைக்ரா கலந்த காட்டன் நல்லது. சாட்டின் வேண்டவே வேண்டாம், இழுபடுகிற இடமெல்லாம் கோடாகக் காட்டிக்கொடுக்கும். கட்டம் போட்டதும் வேண்டாம், பிரின்சஸ் கட் தையலில் கட்டத்தோடு கட்டம் சேராது. அப்புறம் காட்டன் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள், இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே சுருங்கிவிடும்.

நேவி ப்ளூ ஒன்று கொடுத்திருக்கிறேன். காஜா போடுகிறவர் ஊருக்குப் போயிருக்கிறாராம். வந்ததும் போட்டுக் காட்டுகிறேன்.