குவாண்டம் பெர்முடேஷன்: 3 வரைக்கும் சாது, 4-ல எகிறுது

ஹாய் மக்களே, இன்னிக்கு நேரா போர்டுக்கே போயிடலாம். பெர்முடேஷன் மேட்ரிக்ஸ் தெரியும்ல, 0-வும் 1-உம்தான் இருக்கும், எந்த நிரைய கூட்டினாலும் எந்த நிரல கூட்டினாலும் 1. இப்போ அந்த 0, 1-ஐ தூக்கிட்டு அங்க புரொஜெக்ஷன் ஆபரேட்டர (தன்னையே தன்னால பெருக்கினாலும், அட்ஜாயின்ட் எடுத்தாலும் மாறாதது) வைங்க, கூட்டினா ஐடென்டிட்டி வரணும், அவ்ளோதான், இதுக்குப் பேரு மேஜிக் யூனிட்டரி. 1998-ல ஷுஜோ வாங் இத வச்சுதான் குவாண்டம் பெர்முடேஷன் குரூப்ப டிஃபைன் பண்ணாரு. குரூப்னு பேரு இருந்தாலும் எலிமென்ட்ஸ தேடாதீங்க, இந்த என்ட்ரிங்க ஜெனரேட் பண்ற அல்ஜீப்ராதான் எல்லாமே.

இப்போ 3-க்கு 3 எடுங்க. முதல் நிரை ஏ, பி, சி. நட்ட நடுவுல எக்ஸ். ஒரே நிரையிலயோ ஒரே நிரல்லயோ இருக்கிற ரெண்ட பெருக்கினா 0, இத மட்டும் மனசுல வச்சுக்கங்க. ஏஎக்ஸ்-அ ஏ ப்ளஸ் பி ப்ளஸ் சி-யால பெருக்கினா ஒண்ணும் மாறாது, ஏன்னா அது 1. எக்ஸ்பி போச்சு, ரெண்டும் ஒரே நிரல். ஏஎக்ஸ்சி-ல எக்ஸுக்கு பதிலா 1 மைனஸ் அதோட நிரையில இருக்கிற மத்த ரெண்டும்னு போடுங்க, இடது பக்கத்து ஆளு ஏ கிட்ட சாவான், வலது பக்கத்து ஆளு சி கிட்ட சாவான், மிச்சம் ஏசி, அதுவும் 0. ஆக ஏஎக்ஸ் = ஏஎக்ஸ்ஏ, வலது பக்கம் செல்ஃப் அட்ஜாயின்ட் (அட்ஜாயின்ட் எடுத்தா பெருக்கல் வரிசை திரும்பும், ஆனா இது மாறாது), அப்போ ஏஎக்ஸ் = எக்ஸ்ஏ, அதாவது ஏ-வும் எக்ஸும் காம்யூட் ஆகியே தீரணும்! எந்த ஜோடிக்கும் இதே கதைதான், அதனால 3-ல புதுசா ஒண்ணும் கிடையாது, பழைய பெர்முடேஷன் குரூப்தான். எனக்கு ரொம்பப் பிடிச்ச ப்ரூஃப் இது.

4-ல இதே ட்ரிக் போட்டா நாலாவது நிரல்ல ஒருத்தன் சாகாம தப்பிச்சுடுறான். பி-ன்னு ஒரு புது புரொஜெக்ஷன் (மேல நிரையில இருந்த பி இல்ல), பி, 1 மைனஸ் பி வச்சு ஒரு 2-க்கு 2 பிளாக், க்யூ-ன்னு வேற புரொஜெக்ஷன் வச்சு இன்னொண்ணு, மூலைவிட்டத்துல அடுக்குங்க, பி-க்கும் க்யூ-வுக்கும் எந்த சம்பந்தமும் வேணாம், அல்ஜீப்ரா உடனே இன்ஃபினிட் டைமென்ஷன். சாதா பெர்முடேஷன் 24 பேர் மட்டும் இருந்த இடம்ங்க இது!

ரெப்ரசன்டேஷன் (குரூப்ப மேட்ரிக்ஸா காட்டுறது) பக்கம் கணிதவியலாளர் பனிகா காட்டினது, 4-லேர்ந்து மேல எல்லாத்துக்கும் ஃப்யூஷன் ரூல்ஸ் (ரெண்டு ரெப்ரசன்டேஷன டென்சரா பெருக்கினா எப்படி உடையும்ங்கிற ரூல்) எஸ்ஓ(3)-ஓடது, அதாவது முப்பரிமாண சுழற்சி குரூப்போடது. டைமென்ஷன் மட்டும் மாறும், முதல் மூணு 4-க்கு 1, 3, 5, ஆனா 5-க்கு 1, 4, 11. பின்னாடி இருக்கிறது பார்ட்டிஷன்தான், அதாவது புள்ளிகள குழுக்களா பிரிச்சு ஒரே குழுவ கோடு போட்டு சேர்க்கிறது. சாதா குரூப்புக்கு எல்லா பார்ட்டிஷனும் வரும், குவாண்டத்துக்கு கோடு வெட்டிக்காதது மட்டும். 4 புள்ளிக்கு மொத்தம் 15, அதுல வெட்டிக்காதது 14. விட்டுப்போன அந்த ஒண்ணு 1-ஐ 3-ஓடயும் 2-ஐ 4-ஓடயும் சேர்க்கிறது, என்ட்ரிங்க காம்யூட் ஆகணும்னு சொல்றதே அதுதான்.