பசியோடு பட்டறைக்கு அனுப்பாதீர்கள்

(சென்னையில் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கூடிய உடல்நல, மனநலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் முதல்வர் அவர்களே, எத்தனையோ கோப்புகளுக்கு நடுவில் நமக்காக ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி வந்திருக்கும் தொழில்நுட்பக் கல்வித் துறையின் இணை இயக்குநர் அவர்களே, இந்த வட்டத்தில் ஒரு தெருவிளக்கு அணைந்தாலும் நேரில் வந்து நிற்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, மருத்துவ அலுவலர் அவர்களே, பணிமனை ஆசிரியர்களே, கௌரவ விரிவுரையாளர்களே, அலுவலகப் பணியாளர்களே, வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, பின்வரிசையில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் என் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

இணை இயக்குநர் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வராது. இந்த அரங்கத்துக்கு வந்ததும் அவர் நேராக மேடைக்கு ஏறவில்லை. குடிதண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தார், மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார், அதற்குப் பிறகுதான் சால்வையை வாங்கிக்கொண்டார். இப்படிப்பட்ட அதிகாரி ஒருவர் முன்னால் பேசக் கிடைத்தது பெரிய வாய்ப்பு. மாமன்ற உறுப்பினர் அம்மாவையும் விட்டுவிட மாட்டேன். தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைகளுக்குக் கல்லூரிக்குள்ளேயே காலைச் சாப்பாடு வேண்டும் என்று இன்றைக்கு நான் வைக்கப்போகும் கோரிக்கை பாதிக்கு மேல் மாநகராட்சி சம்பந்தப்பட்டது. அதனால் அவர் இடையில் எழுந்து போய்விடக் கூடாது என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன். ஒன்று, மாணவர்களின் உடல். இரண்டு, அவர்களின் மனம். மூன்று, அவர்களுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களின் நலம். மூன்றுக்கும் அடியில் ஒரு பழமொழி இருக்கிறது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும். அந்தப் பத்து எவை என்று நம் பெரியவர்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் மானம் உண்டு, கல்வி உண்டு, அறிவுடைமை உண்டு, தாளாண்மை உண்டு. தாளாண்மை என்றால் விடாமுயற்சி. ஒரு தொழிற்கல்லூரி எதையெல்லாம் கொடுக்கத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறதோ, அத்தனையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அத்தனையும் பசி வந்தால் பறந்துவிடுகிறது.

நான் பணிமனைக் கண்காணிப்பாளராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். எல்லாக் கல்லூரியிலும் இப்படி ஒருவன் இருக்கிறான். முதலாண்டு மாணவன். திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். காலை எட்டரை மணிக்குப் பட்டறை என்றால் அவன் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு சைக்கிள். அங்கிருந்து யூனிட் வண்டி, அதாவது மின்சார ரயில். திருவள்ளூர் தாண்டினாலே உட்கார இடமிருக்காது. சென்ட்ரலில் இறங்கி, சப்வேயில் இறங்கி ஏறி, அப்புறம் பஸ். கல்லூரி வாசலை மிதிக்கும்போதே அவன் ஒரு நாள் வேலையை முடித்தவன்போல் இருப்பான்.

அன்றைக்கு ஃபிட்டிங் பிரிவில் ஃபைலிங். எம்.எஸ். பிளேட்டை, அதாவது இரும்புத் தகட்டை, வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் கட்டி அரத்தால் அராவ வேண்டும். இங்கே இருக்கும் பெற்றோருக்கு அது புரியாமல் போகலாம். முதல் மாதம் உள்ளங்கை கொப்புளம் போட்டுவிடும். நின்றபடியே முழு உடம்பையும் முன்னும் பின்னும் கொடுத்துச் செய்கிற வேலை. ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். ‘டங்’கென்று ஃபைல் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பையன் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து கிடக்கிறான்.

ஓடிப்போய்த் தூக்கினோம். முகத்தில் தண்ணீர் அடித்தோம். ஆயா அம்மா சர்க்கரை கரைத்துக் கொண்டுவந்தார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சொன்னார், “ராத்திரி முழுக்க போன் பாத்திருப்பான்.” இன்னொருவர் என் காதோரமாக வந்து, “சார், பையைச் சோதனை போடுங்க, இந்தக் காலத்துப் பசங்களை நம்ப முடியாது” என்றார். அவர் எதைச் சந்தேகப்பட்டார் என்று உங்களுக்கே தெரியும்.

பையன் கண் திறந்ததும் கேட்டேன். “ஏம்பா, காலையில என்ன சாப்பிட்ட?”

“டீ சார்.”

“டீ மட்டுமா?”

“பொறையும் சார்.”

“எங்க?”

“சென்ட்ரல்ல சார்.”

அதற்குள் பையைத் திறந்துவிட்டார்கள். காக்கிச் சட்டை ஒன்று, வரைபட நோட்டு, ஸ்டீல் ஸ்கேல், பிறகு ஒரு டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸ் காலியாக இல்லை. கனமாக இருந்தது. திறந்தால் புளிச்சோறு, உருளைக்கிழங்கு, ஒரு அவித்த முட்டை. விடியற்காலையில் எழுந்து அவன் அம்மா கட்டிக் கொடுத்தது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. “சாப்பாட்டைப் பையில வச்சுக்கிட்டு ஏம்பா மயங்கி விழற? வண்டியிலயே சாப்பிட்டிருக்கலாமே?” என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்துச் சொன்னான், “காலையில சாப்பிட்டுட்டா மத்தியானத்துக்கு என்ன சார் பண்றது?”

அவையோரே, அவனுடைய பையில் சோறு இருந்தது. வீட்டில் அக்கறை இருந்தது. ஆனால் ஒரு வேளைச் சோற்றை இரண்டு வேளைக்குப் பிரிக்க முடியாது. அடுத்த நாள் முதல் வகுப்பில், “இன்னைக்குக் காலையில சாப்பிட்டு வந்தவங்க கை தூக்குங்கப்பா” என்றேன். பாதிக் கைகள்கூட எழவில்லை. எழுந்த கைகளிலும் பல, பக்கத்தில் பார்த்துவிட்டுத் தயங்கி எழுந்தவை. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்றேனே, மானம் மட்டும் அந்தப் பிள்ளைகளிடம் பறந்து போகவில்லை. பசிக்கிறது என்று ஒருவனும் வாய் திறந்து சொன்னதில்லை.

கலைக் கல்லூரியில் பசியோடு உட்கார்ந்திருக்கும் மாணவன் பெஞ்சில் தலை சாய்ப்பான். அதுவும் வருத்தம்தான். ஆனால் எங்கள் பிள்ளைகள் நிற்பது லேத் மெஷினுக்கு முன்னால். இரும்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற சக்கில் சட்டைக் கை மாட்டினால் என்ன ஆகும்? கிரைண்டிங் வீலுக்கு முன்னால் தலை சுற்றினால்? வெல்டிங் ஹோல்டரைப் பிடித்த கை நடுங்கினால்? பட்டறைச் சுவரில் ‘பாதுகாப்பு முதலில்’ என்று சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். கண்ணாடி போடு, ஷூ போடு, சட்டைக் கையை மடித்து விடு என்று சொல்கிறோம். சாப்பிட்டாயா என்று கேட்பதும் பாதுகாப்பு விதிதான், அதை முதல் விதியாக எழுத வேண்டும்.

படிக்கிற பிள்ளைகளுக்குச் சோறு போடுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1920-ல், சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சிதான் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் என்று கணக்கு வைத்துப் போட்டார்கள். 1956-ல் காமராசர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கினார். இரண்டே ஆண்டில், 1984-ல், அது 10-ஆம் வகுப்பு வரை நீண்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் 5-ஆம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் கிடைக்கிறது. ஒவ்வொரு ஆட்சியும் முந்தைய ஆட்சி விட்ட இடத்திலிருந்து ஒரு படி ஏறியிருக்கிறது. தமிழ்நாட்டுக்காரன் என்று நான் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளும் காரியங்களில் இதுதான் முதல்.

அந்தப் படி எங்கே நின்றுபோகிறது என்று பாருங்கள். 10-ஆம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் மதியம் சோறும் முட்டையும் உண்டு. தேர்வு எழுதுகிறான். கோடை விடுமுறை முடிந்ததும் டிப்ளமோவில் சேர்கிறான், அல்லது ஐ.டி.ஐ.யில் சேர்கிறான். பதினைந்து பதினாறு வயது. வளர்கிற உடம்பு அதே உடம்பு, பசி முன்னைவிட அதிகம், தூரமும் அதிகம், வேலையும் அதிகம். சோறு மட்டும் நின்றுவிட்டது.

“மாதம் 1,000 ரூபாய் வருகிறதே” என்று கேட்பார்கள். புதுமைப்பெண் திட்டமும் தமிழ்ப்புதல்வன் திட்டமும் எத்தனையோ பிள்ளைகளைப் படிப்பில் நிறுத்தி வைத்திருக்கின்றன. நான் அவற்றை மனதார வாழ்த்துகிறேன். அரசு ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆனால் அந்தப் பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது, கணக்கிலிருந்து வீட்டுக்குப் போகிறது. சிலிண்டருக்கு, வழக்கமான கடனுக்கு, தங்கச்சி ஸ்கூல் செலவுக்கு. அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன், அந்த வீட்டுக்குத் தேவை இருக்கிறது. தட்டில் வைத்த இட்லி மட்டும்தான் பிள்ளையின் வயிற்றுக்கே போய்ச் சேரும்.

தங்கைகளுக்கு ஒரு செய்தி. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அது கூடினால் மூச்சு வாங்கும், கவனம் நிற்காது. சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதை டீயோடு விழுங்காதீர்கள், டீ இரும்பை உடம்பில் சேர விடாது. எலுமிச்சைச் சாறு நல்லது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று பாதிப் பேர் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அங்கேயும் வந்து நிற்பது காலைச் சாப்பாடுதான்.

இரண்டாவது, மனம். இந்தச் சென்னையில் 1794-ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. பிற்பாடு கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்த நில அளவைப் பள்ளி அந்த ஆண்டில்தான் பிறந்தது. இன்று கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மனநல மருத்துவமனைக்கு வேர் விட்டதும் அதே ஆண்டில்தான். தொழிற்கல்விக்கும் மனநலத்துக்கும் இந்த ஊரில் ஒரே வயது. இரண்டும் ஒரே வளாகத்தில் உட்கார்ந்து பேச இத்தனை காலம் ஆகியிருக்கிறது. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களில் மாணவர்களின் மனநலத்துக்காக 15 வழிகாட்டுதல்கள் கொடுத்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி வேண்டும். முதல்வர் அவர்களே, அந்த உத்தரவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அரியர் ரிசல்ட் வருகிற அன்று ஆலோசகர் வளாகத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எல்லோரும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். ஆலோசகரிடம் போய் உட்கார்ந்தால் அவர் தொடக்கத்திலேயே கேட்பது இரண்டுதான்: சரியாகத் தூங்குகிறாயா, சரியாகச் சாப்பிடுகிறாயா? பசி வந்தால் பத்தும் பறந்து போகும், அந்தப் பத்தோடு பொறுமையும் நம்பிக்கையும் சேர்ந்தே பறக்கும்.

மூன்றாவது, ஆசிரியர்கள். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், சுருக்கமாகச் சொல்கிறேன். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2019-லேயே சொல்லிவிட்டது. அதில் பாதியை வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று தெரியாமல் நிற்கிறவர் எப்படி நிம்மதியாகத் தூங்குவார்? அவருக்கு மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்துவதைவிடச் சம்பளத்தைச் சரி செய்வதுதான் மருந்து. இதற்குத் தனியாக ஒரு கூட்டமே போட வேண்டும், நிச்சயம் போடுவோம். பணிமனை ஆசிரியர்களிலும் பலர் காலைச் சாப்பாடு இல்லாமல்தான் ஓடி வருகிறார்கள். பிள்ளைகளுக்குப் பந்தி போடும்போது இவர்களும் பக்கத்தில் உட்காரட்டும்.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். மாமன்ற உறுப்பினர் அம்மா கவனிக்க வேண்டும். 2013 பிப்ரவரியில் சாந்தோமில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வளாகத்துக்குள்ளும், ஸ்டான்லி மருத்துவமனை வளாகத்துக்குள்ளும் அதே உணவகத்தை மாநகராட்சி நடத்திக் காட்டியிருக்கிறது. நோயாளியோடு வந்தவர்களுக்காக ஆஸ்பத்திரிக்குள் அடுப்பு மூட்ட முடிந்த மாநகராட்சிக்கு, கல்லூரிக்குள் மூட்டுவது பெரிய காரியமா? புதுக் கட்டடம் கேட்கவில்லை. பல வளாகங்களில் பழைய கேன்டீன் பூட்டிக் கிடக்கிறது. பூட்டைத் திறந்தால் போதும். அடுப்பே வேண்டாம் என்றாலும் சரி, தொடக்கப் பள்ளிகளுக்குச் சமைக்கிற மாநகராட்சிச் சமையற்கூடத்திலிருந்து இன்னும் நான்கு பாத்திரம் அதிகமாக வண்டியில் ஏற்றினால் காலை எட்டு மணிக்குள் வந்துவிடும். இணை இயக்குநர் அவர்களே, அந்த மாநகராட்சி வண்டியை உள்ளே விட வாசலைத் திறந்து வைக்கும் ஒரு சுற்றறிக்கை மட்டும் உங்களிடம் கேட்கிறோம். முதலில் கிண்டியிலும் அம்பத்தூரிலும் தரமணியிலும் ஒரு கல்லூரி, ஒரு ஐ.டி.ஐ. என்று ஒரு பருவம் நடத்திப் பார்க்கலாம். வருகைப் பதிவேட்டை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தால் பலன் தெரிந்துவிடும்.

வாசலில் இடது கைப் பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். மனு தயாராக இருக்கிறது. பெற்றோர் ஒரு படிவம், ஆசிரியர் ஒரு படிவம், மாணவர் ஒரு படிவம். மாணவர் படிவத்தில் பெயரும் பிரிவும் போடுங்கள், காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். மேயர் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம். உடன் வர விரும்புகிறவர்கள் மேசையில் இருக்கும் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.